தனி ஊர் கட்டலாமா?

(சாத்தூரில் நடந்த கூட்டத்தில் பேசியது)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் "கூடி வாழும் ஊர்கள்" என்பதாகும். இது ஏன் எனக்குக் கொடுக்கப்பட்டது என்பது உங்களில் அநேகருக்குத் தெரியும். இவ்வூர் வாலிபத் தோழர்கள் சிலர், "ஜாதி பார்க்கிற தெருவில் குடியிருந்துகொண்டு ஜாதி ஒழிப்புப் பேசுவதைவிட, ஊருக்கு வெளியே கொஞ்சம் கரிசல் நிலம் வாங்கி, ஜாதியில்லாத ஊர் ஒன்று நாமே கட்டிக்கொண்டு போய்விட்டால் என்ன?" என்று கேட்டு வருகின்றார்கள். நிலத்துக்கு முன்பணம் கொடுக்கிற வரைக்கும் பேச்சு வந்துவிட்டதாகவும் கேள்வி. பணம் கைமாறுவதற்கு முன்பாக, இப்படி ஊர் கட்டினவர்கள் கதி என்ன ஆயிற்று என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? அதற்காகத்தான் இந்தக் கூட்டம்.

அவர்களைப் பரிகாசம் செய்ய நான் வரவில்லை. அவர்கள் சொல்லும் கஷ்டம் உண்மையானது. நம் பக்கத்தில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கினாலும், பட்டாசு ஆலையில் மருந்து அடைத்தாலும், எல்லா ஜாதியாரும் ஒரே கூரையின் கீழ்தான் உட்காருகின்றோம். அங்கே தீட்டு இல்லை. ஏன் என்றால் முதலாளிக்குத் தீட்டைவிட உருப்படி முக்கியம். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவரவர் தெரு, அவரவர் குழாய். 2021 பிப்ரவரி 12ந் தேதி நமக்குப் பக்கத்தில் அச்சங்குளத்தில் ஆலை வெடித்து 20 பேருக்கு மேல் மாண்டார்களே, அந்த நெருப்பு யாரையாவது "நீ எந்த ஜாதி?" என்று கேட்டதா? ஆனால் நம் கிராமங்களின் வழக்கம் என்ன? சாவு ஒன்று, சுடுகாடு மாத்திரம் வேறு வேறு. இந்த அக்கிரமத்தைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்த வாலிபன், "போதுமடா இந்த ஊர்!" என்று சொல்வானேயானால் அவன் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் வெறுப்பு ஒருவனை ஊரைவிட்டு வெளியேற்றும். புது ஊரை நடத்த அது மாத்திரம் போதுமா என்பதுதான் கேள்வி.

முதலில் நம்மைப் போன்ற பகுத்தறிவுக்காரர் ஒருவர் கதையைக் கேளுங்கள். ஸ்காட்லாந்தில் பெரிய நூல் ஆலை முதலாளியாயிருந்த ராபர்ட் ஓவன் என்பவர், தொழிலாளிக்கு நல்ல வீடும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் கொடுத்துப் பேர் பெற்றவர். அவர் 1825இல் அமெரிக்காவில் இந்தியானா என்னும் நாட்டில் ஓர் ஊரையே விலைக்கு வாங்கி, "புது ஹார்மனி" என்று பெயர் வைத்து, பொதுவுடைமையாய் வாழலாம் வாருங்கள் என்று எல்லோரையும் அழைத்தார். நூற்றுக்கணக்கான பேர் வந்து குவிந்தார்கள். 1826 ஜூலை 4ந் தேதியன்று, தனிச் சொத்தும் மதமும் அன்றைய கலியாண முறையுமே மனிதனைப் பிடித்த மூன்று பேய்கள் என்கிற கருத்தில் ஒரு பிரகடனமும் செய்தார். நம் மகாநாட்டுத் தீர்மானம் போலவே இருக்கிறதல்லவா? ஆனால் 1827க்குள் அந்த ஏற்பாடு கலைந்துவிட்டது. ஓவன் தன் சொத்தில் பெரும் பாகத்தை அதில் இழந்தார். வந்தவர்களில் பேசத் தெரிந்தவர்கள் அதிகம். ஏர் பிடிக்கவும் செருப்புத் தைக்கவும் தெரிந்தவர்கள் குறைவு. சட்டதிட்டத்தைத் திரும்பத் திரும்ப எழுதினார்களே தவிர, யார் எந்த வேலை செய்வது, செய்யாதவனை என்ன செய்வது என்பதை முடிவு செய்யவில்லை.

இதில் நமக்குச் சற்று வெட்கமான சங்கதி ஒன்று இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்லுகிறேன். அந்த ஊரை ஓவனுக்கு விற்றவர்கள் ராப் என்னும் ஜெர்மன் மதகுருவின் கூட்டத்தார். அவர்கள் அங்கே பத்து வருஷ காலம் பொதுச் சொத்தாகவே வாழ்ந்தார்கள். விற்றுவிட்டு வேறிடம் போய் 1905 வரைக்கும் அந்தக் கூட்டத்தை நடத்தினார்கள். மதக்காரன் கட்டினது நிலைத்தது, அறிவுக்காரன் கட்டினது இரண்டு வருஷத்தில் போயிற்று என்றால் உடனே நம் வைதீகர்கள், "பார்த்தீர்களா, கடவுள் பக்தி இல்லாவிட்டால் காரியம் ஆகாது" என்று துள்ளுவார்கள். துள்ளட்டும். குருவுக்குப் பயந்து வேலை செய்கிற இடத்தில் நிர்வாகம் சுலபம். மாட்டுத் தொழுவத்தில்கூட வாக்குவாதம் கிடையாது. அன்றியும் அந்த ராப் கூட்டத்தார் பிரமசரியம் கொண்டாடியவர்கள். நம் நாட்டிலும் 1921இல் திருப்பத்தூரில் ஏசுதாசன் என்ற தமிழரும் பேட்டன் என்ற வெள்ளைக்காரரும், இருவரும் டாக்டர்கள், கிறிஸ்துகுல ஆசிரமம் என்று ஒன்று ஸ்தாபித்துக் கலியாணமில்லாமலே வாழ்ந்து ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். மெச்சத்தக்க காரியம்தான். ஆனால் ஜாதி ஒழிந்ததா இல்லையா என்பதற்கு நம் நாட்டில் பரீட்சை கலியாணம். கலியாணமே வேண்டாம் என்பவன் அந்தப் பரீட்சைக்கு உட்காரவே இல்லை. ஆகையால் அவன் தேறினானா, தவறினானா என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

நிற்க. கலியாணத்துக்கு முந்திய பரீட்சை சாப்பாடு. அதில் நம் நாட்டில் ஒரு பெரிய ஸ்தாபனம் தவறின கதை உங்களுக்குத் தெரியும். ஆனாலும் வாலிபர்களுக்காக ஒருமுறை சொல்லுகிறேன். வ. வே. சு. ஐயர் 1922இல் கல்லிடைக்குறிச்சியில் குருகுலம் ஒன்று தொடங்கி, பிறகு அதைச் சேரன்மாதேவிக்கு மாற்றினார். நோக்கம் நல்ல நோக்கம். தமிழில் படிப்பு, கைத்தொழில், உழவு, தேகப் பயிற்சி, தேசாபிமானம். ஐயரும் சாதாரண ஆள் அல்ல. தேச விடுதலைக்காக நாடு கடந்து திரிந்தவர், திருக்குறளை இங்கிலீஷில் மொழிபெயர்த்தவர். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு 5,000 ரூபாய் கொடுத்தது. பார்ப்பனரல்லாதார் கொடுத்த பணமும் ஏராளம். அப்படிப்பட்ட இடத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு என்பதாகச் சேதி வெளியாயிற்று. கேட்டபோது வந்த சமாதானம் என்ன? "இரண்டு பிள்ளைகள்தானே! அவர்கள் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம்" என்பது.

இரண்டே இலை, தோழர்களே! அந்த இரண்டு இலையை எடுத்து மற்ற இலைகளோடு போட முடியவில்லை. டாக்டர் வரதராஜுலு நாயுடு ஊர் ஊராகக் கண்டித்துப் பேசினார். காங்கிரஸ் காரியதரிசியாயிருந்த ஈ. வெ. ரா. பாக்கி 5,000 ரூபாயைக் கொடுக்க மறுத்தார். காந்தியாரும் இணக்கம் சொல்லிப் பார்த்தார். 1925 ஏப்ரலில் கமிட்டியில் எஸ். இராமநாதன், பிறப்பினால் பேதம் பாராட்டுவது தேசிய ஸ்தாபனங்களில் கூடாது என்பதாகத் தீர்மானம் கொண்டுவந்தார். ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வருஷம் ஜூன் மாதத்தில் பாபநாசம் அருவியில் தம் மகளைக் காப்பாற்றப் போய் அவரும் மாண்டுபோனார். அது யாரும் பரிதபிக்க வேண்டிய முடிவு. ஆனால் குருகுலம் அருவியில் சாகவில்லை, அடுப்பங்கரையில்தான் செத்தது. அந்த வருஷக் கடைசியிலேயே காஞ்சீபுரம் மகாநாட்டில் ஈ. வெ. ரா. காங்கிரசைவிட்டு வெளியேறியதற்கு வகுப்புவாரித் தீர்மானம்தான் காரணம் என்றாலும், சேரன்மாதேவி இலைகளும் அவர் மனத்தில் இல்லாமலா இருந்திருக்கும்?

ஆகவே ஒருவர் புது ஊர் கட்டுகிறார் என்றால் நான் அவருடைய கொள்கை அறிக்கையைக் கேட்பதில்லை. அடுப்பைக் காட்டு என்று கேட்பேன். யார் சமைக்கிறார், யார் பரிமாறுகிறார், எச்சிற் பாத்திரத்தை யார் தேய்க்கிறார், கக்கூசை யார் கழுவுகிறார்? இதற்குச் சரியான பதில் வந்தால் மற்றதெல்லாம் கேட்கத் தேவையில்லை. 1910இல் பாலஸ்தீனத்தில் யூத வாலிபர்கள் தெகானியா என்ற பொதுவுடைமைக் குடியேற்றத்தை ஆரம்பித்தபோது ஆண்கள் பத்துப் பேர், பெண்கள் இரண்டு பேர். அந்த இரண்டு பெண்களுக்கும் கிடைத்த வேலை சமையலும் துணி துவைப்பதும்தான். தாய்மார்களே, இதை நன்றாய்க் கவனித்துக்கொள்ளுங்கள். சமத்துவத்தைப் பற்றி ஆண்கள் இரவெல்லாம் பேசுவார்கள். பேச்சுக்கு நடுவே காப்பி கேட்பார்கள்.

இனி, தேறின ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லுகிறேன். ஆந்திர தேசத்தில் கோரா என்று அழைக்கப்பட்ட கோபராஜு இராமச்சந்திர ராவ் பார்ப்பனக் குலத்தில் பிறந்தவர், காலேஜ் ஆசிரியர். நாத்திகம் பேசியதால் உத்தியோகம் போயிற்று. 1940இல் கிருஷ்ணா ஜில்லா முதுனூரில் அவரும் அவர் மனைவி சரஸ்வதியும் நாத்திக நிலையம் ஒன்றை ஆரம்பித்தார்கள். 1947இல் அதை விஜயவாடாவுக்கு மாற்றினார்கள். இன்றைக்கும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள். உப்புச் சத்தியாக்கிரகக் காலத்தில் பிறந்த பிள்ளைக்கு லவணம், அதாவது உப்பு. இன்னொருவருக்குச் சமரம், அதாவது போர். ஒன்பதாவது பிள்ளைக்கு நவ், அதாவது ஒன்பது. சாமி பெயரும் இல்லை, ஜாதி வாலும் இல்லை. கிரகணத்தன்று கர்ப்பிணிகள் வெளியே வரக்கூடாது என்கிற பயத்தைப் போக்க அவர்களை வெளியே அழைத்து வந்து காட்டினார்கள். தீ மிதிப்பில் தெய்வ சக்தி இல்லை என்று தாங்களே மிதித்துக் காட்டினார்கள். நம் பக்கத்தில் பங்குனி மாதத்தில் பூக்குழி இறங்குகிறவர்களுக்கு இதைப் போய்ச் சொல்லுங்கள்.

அதெல்லாம் கிடக்கட்டும். நான் சொன்ன பரீட்சைக்கு வாருங்கள். கோரா தம் மூத்த மகள் மனோரமாவைத் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த அர்ஜுன ராவுக்குக் கொடுத்தார். காந்தியார் அந்தக் கலியாணத்தைச் சேவாகிராமத்தில் நடத்தி வைக்க ஒப்புக்கொண்டிருந்தார். அதற்குள் அவரைக் கொன்றுவிட்டார்கள். ஆனாலும் 1948 மார்ச்சில் அங்கேயே கடவுள் பெயர் இல்லாமல் கலியாணம் நடந்தது. மகன் லவணம், தெலுங்குக் கவி ஜாஷுவாவின் மகள் ஹேமலதாவை மணந்தார். அந்த ஜாஷுவா எந்த வகுப்பில் பிறந்ததற்காக ஊரார் ஏச்சையெல்லாம் கேட்டவர் என்பது ஆந்திரர்களுக்குத் தெரியும். அந்த அம்மையார் பிறகு ஸ்டூவர்ட்புரத்தில் குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்ட ஜனங்களுக்காகப் பல வருஷம் உழைத்தார். ஆனால் ஒன்று: அந்த நிலையம் நிலைத்ததற்குப் பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் கட்டுப்பாடே காரணம். பிறரைச் சேர்த்துக்கொண்டு நூறு குடும்பமாய் வளர்ந்திருந்தால் என்னவாயிருக்கும் என்பதற்கு அங்கே ஜவாப் கிடையாது.

நூறு குடும்பத்துக்கும் மேலே போன இடம் ஆரோவில். புதுச்சேரிக்குப் பக்கத்தில், பெரும்பாகம் விழுப்புரம் ஜில்லாவில் இருக்கிறது. 1968 பிப்ரவரி 28ந் தேதி 124 தேசத்து மண்ணைக் கொண்டுவந்து ஒரு தாழியில் போட்டு ஆரம்பித்தார்கள். 50,000 பேருக்குத் திட்டம். அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் சில ஆயிரம் பேர்தான். நல்லதைச் சொல்லிவிட வேண்டும். வெறும் செம்மண் பொட்டலாய்க் கிடந்த இடத்தை மரம் நட்டுக் காடாக்கினார்கள். மழைத் தண்ணீரை ஓடவிடாமல் வரப்புக் கட்டினார்கள். நம் கரிசல்காட்டார் போய்ப் பார்த்துவர வேண்டிய விஷயம். கூரையின் மேல் 15 மீட்டர் அகலத்தில் ஒரு பெரிய கிண்ணம் வைத்து வெயிலைப் பிடித்து, அந்த ஆவியில் கீழே சமைக்கிறார்கள். வெயிலுக்குக் குறைவில்லாத சாத்தூருக்கு இது தெரியாமற் போயிற்றே என்று எனக்கு வருத்தந்தான்.

ஆனால் அங்கே சொந்தச் சொத்து இல்லை என்கிறார்களே, பின்னே யார் சொத்து? ஆரம்பித்த சங்கத்துக்கும் குடியிருந்தவர்களுக்கும் சண்டை வந்து, 1980இல் இந்தியா சர்க்கார் சட்டம் போட்டு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. வழக்குச் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயிற்று. இது மதமல்ல என்று 1982இல் தீர்ப்பாயிற்று. 1988இல் வேறு சட்டம் வந்து சொத்தெல்லாம் ஒரு பவுண்டேஷன் வசமாயிற்று. 2021 டிசம்பரில் ரோடு போடுவதற்கு இயந்திரத்தைக் கொண்டுவந்து மரத்தைச் சாய்த்தபோது, மரம் நட்டவர்களே குறுக்கே நிற்க வேண்டியதாயிற்று. யாருக்கும் சொந்தமில்லாத சொத்து என்றால் கடைசியில் டில்லிக்குச் சொந்தம் என்று அர்த்தமாகிவிடுகிறது. இன்னொன்று: குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, ஆலங்குப்பம் போன்ற பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே கூலிக்குப் போகிறார்கள். அந்தக் கிராமத்தாரில் சிலர் ஆரோவில்வாசிகளாகவும் ஆகியிருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. இருந்தாலும், மனித ஒற்றுமைக்காகக் கட்டிய ஊரிலும் தரை கூட்டுகிறவர் சாயங்காலமானால் வேறு ஊருக்குத்தான் சைக்கிளை மிதிக்கிறார் என்றால், நம் தீப்பெட்டி ஆபீஸுக்கும் அதற்கும் என்ன பேதம்?

இப்போது நமக்குக் கிட்டின சங்கதிக்கு வருகிறேன். 1990க்கு மேல் தென் ஜில்லாக்களில் ஜாதிக் கலவரங்கள் நடந்ததை நீங்கள் கண்ணால் பார்த்தவர்கள். ஒரு பஸ் கழகத்துக்குச் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததற்காக இந்த ஜில்லா பற்றி எரிந்து, கடைசியில் 1997இல் எல்லாத் தலைவர்கள் பெயரையும் ஜில்லாக்களிலிருந்தும் பஸ்களிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். காமராஜர் ஜில்லாவாயிருந்தது விருதுநகர் ஜில்லாவானது அப்போதுதான். அதையடுத்துக் கருணாநிதி சர்க்கார் கொண்டுவந்தது பெரியார் நினைவு சமத்துவபுரம். முதலாவது ஊர் நாம் மதுரைக்குப் போகிற வழியில் திருமங்கலத்துக்கு அருகே மேலக்கோட்டையில் 1998 ஆகஸ்ட் 17ந் தேதி திறக்கப்பட்டது. நூறு வீடு, தாழ்த்தப்பட்டோருக்கு 40, பிற்பட்டோருக்கு 25, மிகவும் பிற்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. வாசலில் பெரியார் சிலை. பொதுக் கூடம், பொது மயானம். எந்த ஜாதியாருக்கும் தனி வரிசை கிடையாது, கலந்துதான் வீடு. இப்படி இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்கள் தமிழ்நாடெங்கும் கட்டப்பட்டன. 2011இல் ஆட்சி மாறியதும் திட்டம் கிடப்பில் போயிற்று. வீடுகள் ஒழுகின, கேட்பாரில்லை. 2021க்குப் பிறகு மறுபடி பழுதுபார்த்து, 2022 ஏப்ரலில் விழுப்புரம் ஜில்லா கொழுவாரியில் ஒன்றைத் திறந்தார்கள். அது ஆரோவில் இருக்கிற வானூர்ப் பக்கந்தான்.

நூற்றாண்டுக் கணக்காய்ச் சேரி வேறு, ஊர் வேறு என்றிருந்த நாட்டில், அண்டை வீட்டுக்காரனை ஜாதி பாராமல் ஏற்றுக்கொள்ளச் சம்மதித்தால்தான் வீடு என்று ஒரு சர்க்கார் சொன்னது சிறிய காரியமல்ல. நான் அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் சர்க்கார் கொடுத்தது வீடு. வீட்டுக்காக வந்தவனும் உண்டு, கொள்கைக்காக வந்தவனும் உண்டு. அன்றியும் நூறு குடும்பம் புது ஊருக்குப் போனபின், அவர்கள் விட்டு வந்த பழைய ஊரில் சேரி அப்படியே சேரியாயிருக்கிறது. அக்கிரகாரமும் மேலத்தெருவும் இடம் பெயரவில்லை. நல்ல ரோடு எங்கே இருக்கிறதோ அங்கே ஜாதியும் நன்றாய் இருக்கிறது.

இந்த வாலிபத் தோழர்கள் மறந்துவிட்ட ஓர் இடம் இருக்கிறது. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தம். 1928இல் புரோகிதனில்லாத முதல் சுயமரியாதைக் கலியாணம் நடந்த ஊர் அது. அக்கலியாணத்தை ஆசிரமத்தில் நடத்தவில்லை. புதுக் குடியேற்றத்தில் நடத்தவில்லை. சொந்த ஊரில், சொந்த ஜனங்கள் பார்க்க நடத்தினார்கள். செல்லாது என்றார்கள். கோர்ட்டிலும் சங்கடம் செய்தார்கள். அப்படியிருந்தும் ஊருக்கு ஊர் நடந்தது. 1967இல் அண்ணாதுரை சர்க்கார் சட்டம் செய்து, நடந்ததும் இனி நடக்கப்போவதும் செல்லும் என்றது. ஊரைவிட்டுப் போயிருந்தால் அந்தச் சட்டம் யாருக்காக வந்திருக்கும்?

அதனால் என் அபிப்பிராயம் இது. நிலம் வாங்குவதே கூடாது என்று நான் சொல்லவில்லை. யாருக்கு என்பதில்தான் எனக்குத் தகராறு. கொள்கை பேசும் நமக்குச் சௌகரியமாக வாழ ஒரு தோட்டம் வேண்டியதில்லை. ஜாதி விட்டுக் கலியாணம் செய்துகொண்ட பையனும் பெண்ணும் இராத்திரி பஸ் ஏறித் திருப்பூருக்கும் சென்னைக்கும் ஓடுகிறார்களே, பின்னாலேயே அரிவாளும் போகிறதே, அவர்களுக்கு வேண்டும். 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, இப்படிப்பட்டவர்களுக்குக் காப்பான இல்லங்கள் வைக்கச் சர்க்கார்கள் யோசிக்க வேண்டும், ஜில்லா தோறும் தனிப் பிரிவு வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவது ஒரு வேலை. நாமே ஊருக்கு நடுவில் நாலைந்து வீடு வாடகைக்குப் பிடித்து, அவர்கள் ஒரு வருஷம் தலைநிமிர்ந்து இருக்கும்படி செய்வது இன்னொரு வேலை. ஊருக்கு வெளியே அல்ல, நடுவில்! போலீஸ் ஸ்டேஷனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் கிட்டே. சாத்தூர் சேவுக்கடையில் காராச்சேவு வாங்குகிறவனை யாரும் ஜாதி கேட்பதில்லை. அந்தக் கடைத்தெருவிலேயே அவர்கள் நாலு பேர் பார்க்க நடமாட வேண்டும்.

இதையும் மீறி நிலம்தான் வேண்டும் என்றால், முன்பணம் கொடுக்குமுன் நாலு சங்கதியை எழுத்தில் வையுங்கள். பத்திரம் யார் பேரில்? ஒருவர் பேரில் வேண்டாம், அவர் எவ்வளவு பெரிய தோழராயிருந்தாலும்; அவருக்கும் வாரிசு உண்டு. சங்கமாகவோ கூட்டுறவாகவோ ரிஜிஸ்தர் செய்யுங்கள். ஒருவர் பிரிந்து போனால் போட்ட பணம் எவ்வளவு, எத்தனை மாதத்தில் திரும்பும்? தண்ணீர் உண்டா? கரிசலில் போர் போட்டு உப்புத் தண்ணீர் வந்தால் ஓவனுக்குப் பிடித்த இரண்டு வருஷம்கூட உங்களுக்குப் பிடிக்காது. கடைசியாக, சமையல் முறை. ஆண்கள் எத்தனை நாள், எந்தெந்த நாள் என்பதைப் பேர் போட்டு எழுதுங்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போட எத்தனை பேர் முன்வருகிறார்கள் என்று பார்த்தால் நிலம் எத்தனை ஏக்கர் வாங்கலாம் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் பிடித்து மேலக்கோட்டைக்குப் போய்வரலாம் என்று காரியதரிசியிடம் சொல்லியிருக்கிறேன். போய்ப் படம் பிடித்துக்கொண்டு வருவதற்கல்ல. ஒரு நாள் அங்கே இருந்து, அங்குள்ளவர்களோடு சாப்பிட்டு, 1998இல் வீடு வாங்கியவர்களில் எத்தனை குடும்பம் இன்னும் அங்கேயே இருக்கிறது, அவர்கள் பிள்ளைகள் எங்கே பெண் எடுத்தார்கள், எங்கே கொடுத்தார்கள், அந்தப் பொது மயானத்தில் எல்லோரையும் புதைக்கிறார்களா என்று மரியாதையாகக் கேட்டு, எழுதிக்கொண்டு வர வேண்டும். அடுத்த கூட்டத்தில் அதை இங்கே வாசிப்போம். வருகிறவர்கள் இப்போதே பேர் கொடுக்கலாம். பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கியிருக்கிறது. கட்டுச் சோறு ஆண்கள் கட்டிக்கொண்டு வர வேண்டியது.